“கடைசி” என்னும் சொல்லின் வன்முறை

2019 ஆகஸ்ட் 30 அன்று மட்டாஞ்சேரி யூதத் தெருவில் சாரா கோஹன் தமது 96ஆம் வயதில் காலமானார். 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவா மறைந்தார். அஞ்சலிகள் பலவும் இருவரையும் ஒரே சட்டகத்துள் அடைத்தன: அழியும் இனத்தின் எச்சம். கேட்பதற்கு இரக்கம்போல் ஒலிப்பினும் இது மறதியின் நாகரிக வடிவமே.

சாரா எச்சமாக வாழவில்லை, உழைத்து வாழ்ந்தார். தம் வீட்டையொட்டிய கடையில் கையால் பூத்தையல் வேலை செய்து விற்றார். ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணியும் ஆண்கள் தலையில் அணியும் குல்லாவும் அங்கே உருவாயின. கணவருக்குப்பின் முதுமையில் அவரைப் பேணியது ஒரு முஸ்லிம் குடும்பம். தேவரா வழியே பாலம் கடந்து வரும் சுற்றுலாப் பயணியருக்கோ அவர் புகைப்படத்துக்குரிய காட்சிப்பொருள், அவ்வளவே.

“கடைசி யூதர்” என்று எழுதுவோர் யாரை விட்டுவிட்டு எண்ணுகின்றனர்? சாராவும் குவீனியும் பரதேசி யூதர். 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தைச் சார்ந்தவர்கள். அவர்களினும் பழைய குடியான மலபார் யூதர் சிலர் எறணாகுளத்தில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களைச் சமமாக ஏற்க மறுத்த நிறபேதம் இத்தெருவின் வரலாறு. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் பரதேசி ஆலயத்தினுள் சமமாக அமர இயலாதிருந்தனர். அதை எதிர்த்து அறவழியில் போராடியவர் வழக்கறிஞர் ஏ. பி. சேலம். ஆலயத்தில் மறுக்கப்பட்ட இடத்தை இன்று இரங்கற் செய்தியும் மறுக்கிறது.

மொழியிலும் இக்கணக்குப் பொய்க்கிறது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளப் பாடல்களைக் கையெழுத்து ஏடுகளில் எழுதி, தலைமுறைதோறும் பாடிக் காத்தனர். 1950களில் பெருந்தொகையினர் இஸ்ரேல் சென்றபோது அவ்வேடுகளும் உடன் சென்றன; பின்னர் அறிஞர்களின் தொகுப்புகளில் அச்சேறின. அவற்றை எழுதிக் காத்த பெண்கள் உயிரோடிருந்த காலத்தில் அவர்களைத் தேடிச் சென்ற செய்தியாளர் எத்தனை பேர்?

மூதாட்டி ஒருவர் இறந்ததும் அவரை ஓர் இனத்தின் கல்லறை வாசகமாக்குவது எளிது. அவர் தைத்த துணியையும், அவர் சமூகத்தின் ஏற்றத்தாழ்வையும், எஞ்சியிருப்போரின் பெயரையும் ஒருங்கே எழுதுவது கடினம். அந்தக் கடினமே அஞ்சலி. “கடைசி” என்று எழுதுமுன், எஞ்சியோரின் கதவைத் தட்டிப் பார்த்தல் நலம்.