கலையரங்கின் வாயில்

ஒரு நகரின் பெருமை அதன் மாடமாளிகைகளால் மட்டும் அமைவதன்று. பகலெல்லாம் உழைத்துக் களைத்த மக்கள் மாலையில் ஒருங்கு கூடி, இசையும் நாடகமும் நடனமும் கண்டு உள்ளம் தளிர்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அங்கே செல்வரும் வறியவரும் ஒரே பாட்டுக்குத் தலையசைப்பர். ஒரே துயரக் காட்சிக்குக் கண் கலங்குவர். இத்தகைய பொது இடம் இல்லாத நகரம் பலர் தங்கிச் செல்லும் சத்திரமாகுமேயன்றி, கூடி வாழும் ஊர் ஆகாது. ஆதலின், பெருநகரங்கள் கலையரங்குகளை எழுப்புவது வீண்செலவு அன்று. ஆயினும், அவ்வரங்கு யாருக்காக எழுகிறது, யாருடைய இழப்பின்மேல் எழுகிறது என்னும் இரு வினாக்களும் உடன் எழுதல் வேண்டும். இவ்வினாக்களை ஆராய்வதற்கு நியூயார்க்கு நகரின் லிங்கன் கலைமையம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மன்ஹாட்டன் தீவில் ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது இம்மையம். நடுவே நீரூற்றுடன் கூடிய அகன்ற முற்றம். அதனைச் சூழ்ந்து வெண்ணிறக் கல்லால் ஆன மூன்று பேரரங்குகள். ஒன்று இசைக்குழுவுக்கு உரியது. மற்றொன்று நடனத்துக்கு உரியது. முற்றத்தின் தலைப்பில் நிற்பது இசைநாடகத்துக்கு உரிய மெட்ரோபாலிட்டன் அரங்கு. அதில் ஏறத்தாழ 3,800 பேர் அமரலாம். இவற்றோடு நாடக அரங்கும், ஜூலியார்டு இசைக்கல்லூரியும், கலைநூலகமும் அடுத்தடுத்து உள்ளன. பல கலைகளை ஓரிடத்தில் ஒருங்கே குடியமர்த்தும் இவ்வமைப்பைப் பின்னர்ப் பல நகரங்கள் பின்பற்றின.

இம்மையம் தோன்றுவதற்குத் தக்க காரணம் இருந்தது. 1883-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பழைய இசைநாடக அரங்கின் மேடை பிற்காலத் தேவைகளுக்குப் போதவில்லை. நகரின் பில்ஹார்மானிக் இசைக்குழு பாடிவந்த கார்னெகி அரங்கோ இடிக்கப்படும் நிலையில் இருந்தது. (1960-ஆம் ஆண்டில் நகராட்சி அதனை விலைக்கு வாங்கிக் காத்தது.) எனவே, இரு பெருங்கலைகளுக்கும் புதிய இல்லம் தேவைப்பட்டது. மூன்றாம் ஜான் ராக்பெல்லர் முயற்சியால் பொருள் திரட்டப்பட்டது. 1959-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-ஆம் ஆண்டில் இசையரங்கும், 1966-ஆம் ஆண்டில் மெட்ரோபாலிட்டன் அரங்கும் திறக்கப்பெற்றன.

ஆனால், அந்த நிலம் வெறும் நிலம் அன்று. சான் ஜுவான் ஹில் என வழங்கிய அப்பகுதியில் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் பிறரும் நெருங்கி வாழ்ந்தனர். வறுமை மிக்க பகுதியே எனினும் கலை வறண்ட பகுதி அன்று. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதையும் ஆடவைத்த ‘சார்ல்ஸ்டன்’ இசையை அமைத்த ஜேம்ஸ் ஜான்சன் அங்கு வாழ்ந்தவர். ஜாஸ் இசையின் மேதைகளுள் ஒருவராகிய தெலோனியஸ் மங்க் அத்தெருக்களில் வளர்ந்தவர். 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், பாழடைந்தவை எனக் குறிக்கப்பட்ட பகுதிகளை இடித்துத் திருத்தியமைக்க நடுவணரசின் பொருளுதவியை வழங்கியது. நகரின் கட்டுமானப் பணிகளைத் தம் கைக்குள் வைத்திருந்த ராபர்ட் மோசஸ், அச்சட்டத்தைக் கொண்டு அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தார். குடியிருந்தோர் எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர், பயன் விளையவில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும், ஏறக்குறைய 800 கடைகளும் தொழிலகங்களும் இடம்பெயர நேர்ந்தது. அங்குப் புதியனவாக எழுந்த குடியிருப்புகளுள் பெரும்பாலானவை அவர்களுடைய வருவாய்க்கு எட்டாதவை.

கலைக்கு இல்லம் அமைக்கக் கலை வாழ்ந்த இல்லங்களையே இடிப்பது எத்தகைய முரண்! மாளிகையில் பிறக்கும் இசை பாட்டனார் காலத்துச் சொத்துப்போலப் போற்றப்பட்டது. தெருவில் பிறந்த இசை தெருவோடு அகற்றப்பட்டது. அமெரிக்க மண்ணிலேயே தோன்றிய ஜாஸ் இசைக்கென ஓர் அமைப்பு, மற்ற அமைப்புகளோடு ஒத்த தகுதி பெற்று இம்மையத்தில் இடம்பெற்றது 1996-ஆம் ஆண்டில்தான். அத்தெருக்கள் மறைந்து ஒரு தலைமுறைக் காலம் கடந்த பின்னரே அவ்விசைக்கு அந்த உரிமை கிட்டியது.

கல்லும் பொன்னும் மட்டும் ஓர் அரங்கினை உயர்த்திவிடா என்பதற்கு அம்மையத்தின் இசையரங்கே சான்றாகும். பெரும்பொருட் செலவில் எழுந்த அவ்வரங்கில் இசை தெளிவாகக் கேட்கவில்லை என்னும் குறை திறந்த நாளிலிருந்தே எழுந்தது. 1976-ஆம் ஆண்டில் அதன் உட்புறம் முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. அப்போதும் குறை தீரவில்லை. 2022-ஆம் ஆண்டில் 55 கோடி டாலர் செலவில் அது மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. இருக்கைகள் குறைக்கப்பட்டன; மேடை மக்களிடையே முன்தள்ளி அமைக்கப்பட்டது. பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தது. இம்மாற்றம் செவிக்கு மட்டும் உரிய பாடம் அன்று. கலைக்கும் மக்களுக்கும் இடையேயுள்ள தொலைவே எந்த அரங்குக்கும் பெருங்குறை. அதனைக் குறைப்பதே உண்மையான திருத்தம்.

அத்தொலைவைக் குறைக்கும் நல்ல முயற்சிகளும் அம்மையத்தின் வரலாற்றில் உண்டு. லெனார்டு பெர்ன்ஸ்டைன் இளைஞர்களுக்கென நடத்திய இசைநிகழ்ச்சிகள் 1962-ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து தொலைக்காட்சி வழியே ஒளிபரப்பாயின. டிக்கெட் வாங்க இயலாத சிறுவரும் வீட்டில் இருந்தபடியே இசையின் நுட்பங்களை அறிந்தனர். 1965-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கலைநூலகத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். கோடையில் திறந்தவெளி முற்றத்தில் இலவச நிகழ்ச்சிகள் நடைபெறுவது நெடுங்கால வழக்கம். பெருந்தொற்றால் அரங்குகள் மூடிக்கிடந்த 2021-ஆம் ஆண்டில், அம்முற்றமே புல்வெளிபோல் அமைக்கப்பட்டு மக்களை வரவேற்றது. 2022-இல் புதுப்பிக்கப்பட்ட அரங்கின் திறப்பை ஒட்டி, டிரினிடாடைச் சேர்ந்த எட்டியென் சார்ல்ஸ் என்னும் இசைவாணர், அகற்றப்பட்ட சான் ஜுவான் ஹில் மக்களின் கதையையே இசையாக்கி அங்கு வழங்கினார். தன் அடித்தளத்தில் புதைந்திருக்கும் துயரைத் தன் மேடையிலேயே பாடக் கேட்பது ஒரு நிறுவனத்துக்கு எளிதன்று. அதனைச் செய்தமை பாராட்டுக்குரியது.

பெரும்பணிகள் நடைபெறும்போது சிலர் இடம்பெயர்வது இயல்பே எனக் கூறுவோர் உளர். கோடிக்கணக்கானோர் இம்மையத்தால் இன்புற்றனர் என்றும், அவ்வின்பத்தின் முன் சில ஆயிரம் குடும்பங்களின் துன்பம் சிறிது என்றும் அவர்கள் வாதிடுவர். இவ்வாதம் பொருந்துவதன்று. இன்பம் பெற்றவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர் எனின், அங்கே கணக்கு நேராகாது, கடனே எஞ்சும். இனி, வாயிலை எல்லார்க்கும் திறந்தால் கலையின் தரம் தாழும் என்று அஞ்சுவோரும் உளர். தரம் மேடையில் நிற்போரின் பயிற்சியால் அமைவது. இருக்கையில் அமர்வோரின் செல்வத்தால் அமைவதன்று. ஆற்றுநீரைப் பலர் பருகுவதால் அதன் சுவை குன்றுவதில்லை.

ஆகவே, நகரின் நடுவே கலையரங்கு எழுக. உயர்ந்த கலைஞர்கள் அங்கே பாடுக, ஆடுக. ஆனால், அதனை எழுப்புவோர் முதலில் அந்நிலத்தில் வாழ்வோரின் குரலைக் கேட்டல் வேண்டும். எழுந்த பின்னர், விலை கொடுத்து நுழைய இயலாதவர்க்கும் வழி வைத்தல் வேண்டும். அருகிலுள்ள தெருவில் பிறந்த பாட்டுக்கும் தொலைநாட்டில் பிறந்த பாட்டுக்கும் ஒரே மேடை அளித்தல் வேண்டும். இவை ஈகை அல்ல. நகரத்தார் அனைவர்க்கும் உரிய பங்கு. கோபுரத்தின் உயரத்தை அண்ணாந்து பார்ப்போர் பலர். வாயிலின் அகலத்தை அளந்து பார்ப்போரே அரங்கின் உண்மைப் பெருமையை அறிவர்.