பிசியோதெரபி அல்ட்ராசவுண்ட்: திரையில் காட்டும் அளவுதான் உடம்புக்குள் போகுதா?

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால், அருவிப் பாறையில் வழுக்கி கணுக்கால் பிசகுவதும் கூடவே நடக்கும். தென்காசி, ஆலங்குளம், கடையம் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்களுக்குக் கழுத்துவலி, தோள்வலி. இப்படி பிசியோதெரபிக்குப் போகிறவர்களில் பலருக்கு, வலிக்கிற இடத்தில் ஜெல் தடவி சின்ன உலோகத் தலை ஒன்றை வட்டவட்டமாகத் தேய்ப்பார்கள். அதுதான் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை. ஸ்கேன் மெஷின் வேறு, இது வேறு. இதில் படம் வராது.

சிக்கல் எங்கே?

திரையில் வரும் எண், பல மெஷின்களில் நாம் செட் பண்ணிய அளவு மட்டுமே. தலை கீழே விழுந்திருக்கலாம், உள்ளே இருக்கும் படிகம் பழசாகியிருக்கலாம், கேபிள் நைந்திருக்கலாம். எண் மாறாது, வெளியே வரும் சக்தி மாறிவிடும். குறைந்தால் சிட்டிங்குக்குக் கொடுத்த காசு வீண். கூடினால் திசு சூடாகிப் புண்ணாகலாம். தலையில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, துள்ளுதா என்று பார்ப்பது வழக்கம். மெஷின் ஓடுது என்பது அதில் தெரியும்; எவ்வளவு என்பது தெரியாது.

எப்படி அளக்கிறார்கள்?

எடை போட்டுத்தான்! காற்று நீக்கிய தண்ணீருக்குள் ஒலி தள்ளும் விசையை நுண்ணிய தராசு அளக்கும். 1 வாட் சக்தி தள்ளுவது வெறும் 68 மில்லிகிராம் எடைக்குச் சமம். சிகிச்சையில் சாதாரணமாக வைக்கும் 5 வாட் என்றால் 0.34 கிராம், கிட்டத்தட்ட மூன்று குன்றிமணி. இதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல எந்த அனுபவசாலியாலும் முடியாது.

காட்டும் அளவுக்கும் வரும் அளவுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது அமெரிக்க விதி. நடைமுறை? ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் 1992-ல் 85 மெஷின்களைச் சோதித்தபோது, 69 சதவீத மெஷின்களில் வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வளர்ந்த நாட்டிலேயே இந்த நிலை.

இங்கே யார் பொறுப்பு?

2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் இந்திய மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் அது முக்கியமாகத் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனையைப் பற்றியது. வாங்கி ஐந்து வருஷம் ஆன மெஷினை அளந்து பார்ப்பது, நடைமுறையில் கிளினிக் நடத்துபவர் தலையில்தான் விழுகிறது. அல்ட்ராசவுண்ட் சக்திக்கான தேசிய அளவுகோல் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அதற்காக மெஷினைத் தூக்கிக்கொண்டு டெல்லி போக வேண்டியதில்லை. கையில் கொண்டுபோகும் பவர் மீட்டர்கள் உண்டு. சின்ன கிளினிக் ஒன்று தனக்கென வாங்குவது கட்டுப்படியாகாது. 2019-ல் பிறந்த தென்காசி மாவட்டத்தின் கிளினிக்குகள் பொதுவாக ஒன்றை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை சுற்றில் விட்டாலே போதும்.

நோயாளி என்ன செய்யலாம்?

இதமான சூடு பரவாயில்லை. சுருக்கென்று குத்தினாலோ எலும்புக்குள் வலித்தாலோ பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். பேஸ்மேக்கர், கர்ப்பம், புற்றுநோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெஷினின் பக்கவாட்டில் அளவுத்திருத்த ஸ்டிக்கர் இருக்கிறதா, தேதி என்ன என்று கேட்பதில் தப்பே இல்லை. ஸ்டிக்கர் மட்டும் போதாது; எத்தனை வாட் செட் பண்ணியதற்கு எத்தனை வாட் வந்தது என்று எழுதிய சான்றிதழும் கிளினிக்கில் இருக்க வேண்டும்.