தகப்பனிடம் கேட்கப்பட்ட கேள்வி



மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனை இயேசுவிடம் கொண்டுவருகிறான். அந்தப் பிள்ளை நெருப்பிலும் நீரிலும் விழுந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் இருந்தான். சீடர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. சுற்றிலும் கூட்டம், மறைநூல் அறிஞரோடு வாக்குவாதம். அத்தனை ஆரவாரத்தின் நடுவிலும் ஆண்டவர் உடனே குணமாக்கிவிடவில்லை. தகப்பன் பக்கம் திரும்பி, பிள்ளைக்கு இப்படி எத்தனை காலமாக நேர்கிறது என்று விசாரிக்கிறார். மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய அந்த மனிதன், சற்று நேரத்தில் தன் சொந்த நம்பிக்கையின் குறைவையே கதறி வெளியிட்டுவிடுகிறான். பிள்ளை நலம் பெறுவது அதற்குப் பின்னர்தான்.

இப்பகுதியை நாம் பேயோட்டிய புதுமையாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். அதனாலேயோ என்னவோ, பிள்ளையொன்று தன் கையைத் தானே கீறிக்கொண்டது தெரியவந்ததும் செய்வினை, தீய ஆவி என்று அலைகிற வீடுகள் நம்மிடையே இன்றும் உள்ளன. வேறு சில வீடுகளில் அடி விழுகிறது. பக்தியுள்ள வீடுகளில் உடனே பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புகிறார்கள். தகப்பனிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் சாக விரும்புகிறவர்கள் அல்லர். தாங்க முடியாத வேதனையைச் சில நிமிடங்களுக்கேனும் அடக்கிவைக்கவே பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் அது பிற்காலத்தில் உயிராபத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய அறிகுறி என்பதால், 'வயதுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. வெயில் கொளுத்தும் நாளிலும் நீண்ட கைச்சட்டை அணிகிற மகளை, எவரோடும் பேசாமல் அறைக்குள் அடைந்து கிடக்கிற மகனைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். சாகும் எண்ணம் உண்டா என்று அமைதியாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் நெஞ்சுப் பாரம் குறைகிறது.

இனி நம் வன்னியைப் பார்ப்போம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இலட்சக்கணக்கானோர் செட்டிகுளம் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். மனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் போரைக் கண்டவர்கள் அல்லர். கண்டவர்கள் அவர்களுடைய தாய் தந்தையர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வில், போரின் வடு தனி மனிதரோடு நின்றுவிடுவதில்லை, அது குடும்பத்தையும் சமூகத்தையும் ஒருசேரத் தாக்குகிறது என்று விளக்கினார். ஆகவே சிகிச்சையும் குடும்பத்தையும் சமூகத்தையும் தழுவியதாக இருக்க வேண்டும் என்பது அவர் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கருத்து.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். "நாங்கள் பட்டதில் நீ என்ன பட்டாய்? பங்கருக்குள் இருந்து படித்தவர்கள் நாங்கள்." இதைச் சொல்லுகிற தாயின் வாயில் பொய் இல்லை. அவள் பட்டது மிகப் பெரிது. ஆனால் அந்த அளவுகோலால் அளந்தால் பதினைந்து வயதுப் பிள்ளையின் துயரம் எதுவும் துயரமாகவே தோன்றாது. பரீட்சைப் பயம், தோழியின் துரோகம், கைத்தொலைபேசியில் வந்த அவமானம், குடித்துவிட்டு வரும் தகப்பன், நுண்கடனுக்காக வாசலில் வந்து நிற்பவர்களின் ஏச்சு ஆகிய எல்லாம் 'சின்ன விடயம்' ஆகிவிடுகின்றன. சொல்லிப் பயனில்லை என்று கண்ட பிள்ளை சொல்வதை நிறுத்திக்கொள்கிறது. எல்லாப் பிள்ளைகளின் கதையும் இதுவே என்று கூற வரவில்லை. ஆனால் வாயால் சொல்ல இடமில்லாதது தோலில் எழுதப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, போர் அனுபவமும் தகப்பனின் குடிப்பழக்கமும் வீட்டுக்குள் பிள்ளை துன்புறுத்தப்படுவதோடு தொடர்புடையவை என்று காட்டியது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பெற்றோரின் அன்பையும் அரவணைப்பையும் உணர்கிற பிள்ளைகளைப் போரின் காயம் அவ்வளவாக உள்ளுக்குள் முடக்குவதில்லை என்று வட இலங்கையில் செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு 2015இல் தெரிவித்தது. காயம் வருகிற வழியும் வீடு, காப்பு வருகிற வழியும் வீடு.

ஆகவே பிள்ளையை மட்டும் பழுதான பொருளைப் போல உளவளத்துணையாளரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வாங்கில் காத்திருப்பது போதாது. நம்மவர் பலர் அறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உளநல நிலையத்தில் 1950களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை இருந்துவருகிறது. எனினும் குடும்பமாகப் போய் அமர்ந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தில் தம்மைக் காயப்படுத்திக்கொண்ட 832 இளையோரிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளியான பெரிய ஆய்வில், குடும்பச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வழமையான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இடையே மீண்டும் காயத்தோடு வைத்தியசாலைக்கு வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேறொரு முறை நல்ல பலன் தந்திருக்கிறது. அதில் பிள்ளையும் பெற்றோரும் உணர்ச்சியைத் தாங்கும் பயிற்சிகளை மாணவர்களைப் போல ஒன்றாகவே கற்கிறார்கள். நோர்வேயில் 2014இலும் அமெரிக்காவில் 2018இலும் வெளியான ஆய்வுகள் அதனால் காயப்படுத்திக்கொள்வது குறைந்ததைக் காட்டின.

இம்முறையை உருவாக்கியவர் மார்ஷா லினெகன் என்ற அமெரிக்க உளவியலாளர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1961இல், தம் 17ஆவது வயதில், தம்மையே கடுமையாகக் காயப்படுத்திக்கொண்ட நிலையில் உளநல மருத்துவமனையொன்றில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். 1967இல் சிக்காகோவில் ஒரு சிற்றாலயத்தில் தனியே செபித்துக்கொண்டிருந்தபோதுதான் தம்மைத் தாமே நேசிக்க முடியும் என்று முதன்முறையாக உணர்ந்ததாகப் பின்னாளில் கூறினார். அதை உலகறியச் சொல்ல அவருக்கு 2011ஆம் ஆண்டுவரை சென்றது. செபம் அவரைத் தொட்டது. ஆனால் அவர் செபத்தோடு நின்றுவிடாமல், பிறர் படிப்படியாகக் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு சிகிச்சையை உருவாக்கினார். செபமா, வைத்தியமா என்று நம்மிடையே நடக்கிற வீண் விவாதத்துக்கு இந்தப் பெண்மணியின் வாழ்வே போதிய விடை.

அம்முறையில் பெற்றோர் கற்பது என்ன? திருத்துவதற்கு முன் ஏற்றுக்கொள்வது. "உனக்கு என்ன குறை?" என்ற இடத்தில் "உனக்கு இது மிகவும் நோகிறது போல" என்று சொல்வது. காயத்தைக் கண்டால் அலறாமல் மருந்து கட்டுவது. மனம் கொந்தளிக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பிள்ளை தனியே கடக்க விடாமல் அருகில் இருப்பது. அந்த நிமிடங்கள் கடந்துபோகக் கூடியவை என்பதற்கு நம் நாடே சான்று. 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அந்த வீதம் மிகப் பெருமளவில் வீழ்ந்தது. கொல்லும் பொருள் கைக்கெட்டாத நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்த வேளையைக் கடந்து உயிர் வாழ்ந்தார்கள்.

பெற்றோரின் காயத்துக்கும் அந்த அறையில் இடம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய், தன் துயரத்தை யாரிடமும் இறக்கிவைக்காமல் மகளின் துயரத்தைக் கேட்கத் திராணி பெறுவது கடினம். அம்மம்மாவிடம் வளரும் பிள்ளையானால் அம்மம்மாவும் வர வேண்டும். வெளிநாட்டில் உள்ள தகப்பன் தொலைபேசியிலாவது சேர வேண்டும்.

இரண்டு பயங்கள் நம்மவரைத் தடுக்கின்றன. ஒன்று பொலிஸ். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மற்றது திருச்சபை. 1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தற்கொலை செய்தோருக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதியைக் கைவிட்டது. கடும் உளத்துயர் மனிதரின் பொறுப்பைக் குறைக்கும் என்று 1992இன் மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. இறந்தோரிடமே இவ்வளவு பரிவு காட்டும் திருச்சபை, உயிரோடு தவிக்கும் பிள்ளையைப் பாவி என்று முத்திரை குத்தும்படி உங்களிடம் கேட்கவில்லை.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அரச வைத்தியசாலை உளநலச் சேவைகள் உள்ளன. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். உயிராபத்து என்று தோன்றினால் காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். ஆனால் உட்கிராமமொன்றிலிருந்து வாரந்தோறும் தாயும் தகப்பனும் பிள்ளையும் நகரம் போய்வருவதென்றால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போய்விடும். பலர் இரண்டாம் முறையோடு நின்றுவிடுவது அதனாலேயே. திருவிழாவுக்குச் சோடனைக்கென்று பங்குகளில் சேரும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, பெயர் வெளியிடாமல், இந்தப் பயணங்களுக்கென்று பங்குத்தந்தையிடம் ஒதுக்கிவைக்கலாம். அடுத்த பங்கு மேய்ப்புப் பேரவைக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் இதை எழுந்து கேளுங்கள்.