ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டில் படிப்பு: வாய்ப்பு யாருக்கு, செலவு யார் தலையில்?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருமுக்கூடல். இங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது அந்தக் கால மருத்துவமனை, இங்கே இயங்கியதை அது சொல்வதால் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதே கல்வெட்டில் இன்னொரு தகவலும் உண்டு: இங்கே ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. மாணவர்களுக்கு தினசரி சாப்பாட்டுக்கு எவ்வளவு நெல், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எவ்வளவு எண்ணெய் என்பது வரை கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெளியூரிலிருந்து படிக்க வருபவருக்கு பாடம் மட்டும் போதாது. சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம் எல்லாத்துக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். இன்று இதே ஊரிலிருந்து பஸ் ஏறி காஞ்சிபுரத்திலோ சென்னையிலோ என்ஜினீயரிங் படிக்கும் ஒரு நெசவாளர் வீட்டு மாணவியை வைத்துக்கொள்வோம். "ஐந்தாவது செமஸ்டரை ஜெர்மனியில் படிக்கலாம், இங்கே கட்டும் ஃபீஸ் போதும்" என்று கல்லூரியில் அறிவிப்பு வருகிறது. அவர் உண்மையில் போக முடியுமா?

முதலில், இது என்ன திட்டம்?

முழுப் பட்டப்படிப்புக்காக வெளிநாடு போவது வேறு, இது வேறு. இரண்டு கல்லூரிகள் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, மாணவர்களை மாற்றிக்கொள்கின்றன. இதற்குப் பெயர் செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச். மாணவி தன் சொந்தக் கல்லூரியில்தான் ஃபீஸ் கட்டுவார், அங்கே பயிற்சிக் கட்டணம் கிடையாது. டிகிரியும் இங்கேதான்.

ஆனால் இதே பெயரில் இன்னொரு வகையும் சுற்றுகிறது. ஒப்பந்தம் இருக்கும்; ஆனால் கட்டணத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கே முழுசாகக் கட்ட வேண்டும். இரண்டையும் 'செமஸ்டர் அப்ராட்' என்றே அழைப்பதால்தான் குழப்பம். கல்லூரியின் சர்வதேசப் பிரிவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அங்கே டியூஷன் ஃபீஸ் தள்ளுபடியா, இல்லையா?" எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இதோடு ட்வின்னிங் என்ற ஏற்பாட்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2022 மே மாதம் யுஜிசி வெளியிட்ட விதிமுறைப்படி, ட்வின்னிங் படிப்பில் மொத்த கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில் எடுக்கலாம். அதற்கு இந்தியக் கல்லூரிக்கு நாக் மதிப்பெண் குறைந்தது 3.01 இருக்க வேண்டும், அல்லது என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100-க்குள் வர வேண்டும், அல்லது 'மேன்மை பொருந்திய நிறுவனம்' அந்தஸ்து வேண்டும். சிறு ஊர்களில் இருக்கும் பெரும்பாலான கல்லூரிகள் இந்த வரிசையிலேயே நிற்க முடியாது. வாய்ப்பின் முதல் வடிகட்டி மாணவியின் மார்க் இல்லை, அவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார் என்பதுதான்.

காசு யார் தருவார்கள்?

ஃபீஸ் தள்ளுபடி என்றாலும் விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் மாணவி பொறுப்பு. ஜெர்மனி விசாவுக்கு மாதம் 992 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இதுதான் அளவு. ஐந்து மாதத்துக்கு 4,960 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் சுமார் 5 லட்சம் ரூபாய். பொதுவாக இதை 'பிளாக்டு அக்கவுன்ட்' என்ற முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும், அங்கே போனபின் மாதாமாதம்தான் எடுக்கலாம்.

அரசு உதவி இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் இந்த மாணவிக்குப் பொருந்துவது குறைவு. தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் முதுநிலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் ஆனது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையும் அப்படித்தான். இளநிலையில் ஒரே ஒரு செமஸ்டர் போகிறவர் இந்த இரண்டிலும் வர மாட்டார். 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024 ஜூனில் 25 மாணவர்களை அரசே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. நல்ல தொடக்கம்தான், ஆனால் அது சுமார் ஒரு வாரப் பயிற்சி. ஒரு வாரத்துக்கும் இரண்டு ஆண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து மாதம்தான் யார் கணக்கிலும் இல்லாமல் நிற்கிறது.

அப்படியானால் உதவி பெரும்பாலும் போகிற நாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தால், மாணவருக்கு மாத உதவித்தொகையும் பயணச் செலவும் கிடைக்கும். ஜப்பான் என்றால் ஜாசோ அமைப்பு எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு மாதம் 80,000 யென் தருகிறது. இரண்டிலும் இடங்கள் குறைவு, தேர்வு கல்லூரி வழியாகவே நடக்கும். தனியாக விண்ணப்பித்துப் பயனில்லை.

கல்விக் கடன்? வங்கிகள் முழுப் பட்டப்படிப்பை மனதில் வைத்தே கடன் கொடுக்கின்றன. ஏற்கெனவே இங்கே படிப்புக்குக் கடன் வாங்கியிருந்தால், அதே கிளையில் கூடுதல் தொகை கேட்பதுதான் நடைமுறைக்கு எளிது. கடன் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது டிசிஎஸ் வரிப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணமாக இருந்தாலும் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, 2025 ஏப்ரல் முதல், பிடித்தம் கிடையாது. ஒரு செமஸ்டர் செலவு பொதுவாக அந்த எல்லையைத் தாண்டாது.

ஏழை என்றும் காட்டணும், பணம் இருக்கு என்றும் காட்டணும்

இதுதான் இந்தக் கதையின் சிக்கலான முடிச்சு. உதவித்தொகைக்கு தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் வருமானம் குறைவாக இருந்தால்தான் கிடைக்கும். அடுத்த மாதம் விசாவுக்குப் போனால், அப்பாவின் வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, லட்சக்கணக்கில் இருப்பு கேட்பார்கள். தறி நெய்து கூலி வாங்கும் வீட்டில் வருமான வரித் தாக்கல் பெரும்பாலும் இருக்காது. பட்டு முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் சேர்ந்து, வீட்டின் நிஜக் கணக்கு எந்த ஸ்டேட்மென்ட்டிலும் தெரியாது.

பலர் செய்யும் தவறு, விசாவுக்கு முன் நாலு பேரிடம் கடன் வாங்கி ஒரே நாளில் கணக்கில் போடுவது. திடீரென்று ஏறிய தொகை எங்கிருந்து வந்தது என்று தூதரகம் கேட்கும். பிரிட்டனின் மாணவர் விசாவில் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்புக்கு அங்கே விசிட்டர் விசாவே போதும் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

உதவித்தொகை உறுதிக் கடிதமும், வங்கியின் கடன் ஒப்புதல் கடிதமும் பல நாடுகளில் பண ஆதாரமாக ஏற்கப்படும். வருமானச் சான்றிதழில் குறைவாக இருப்பது விசாவுக்குத் தடை இல்லை. செலவை யார் ஏற்கிறார்கள் என்பது தெளிவாக இருந்தால் போதும். இரண்டு அலுவலகத்திலும் ஒரே உண்மையைச் சொல்லலாம் என்பதை நிறைய வீடுகளில் யாரும் சொல்லித் தருவதில்லை.

இனிஷியல் தரும் தலைவலி

தமிழ்நாட்டுக்கே உரிய பிரச்சினை இது. மார்க் ஷீட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரியும், சில நேரம் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே விடப்படும். அமெரிக்க விசாவில் அப்படிக் காலியாக விட்டால், உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் விடுதி, வங்கி, கல்லூரி அடையாள அட்டை எல்லாவற்றிலும் ஆள் வேறு பெயரில் இருப்பார். பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து, அதே வடிவத்தை கல்லூரியிலும் வங்கியிலும் கொடுத்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

காலண்டர் ஒத்துப்போகுமா?

பண விஷயத்துக்கு அடுத்து அதிகம் பேரை மடக்குவது தேதிகள். இங்கே ஐந்தாவது செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடியும். ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் அக்டோபரில்தான் தொடங்கும், பிப்ரவரி வரை போகும். அதாவது மாணவி திரும்பி வரும்போது இங்கே ஆறாவது செமஸ்டர் வகுப்புகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். வருகைப் பதிவு குறைவு என்று தேர்வு எழுத விடாமல் போகும் ஆபத்து நிஜமானது. ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி டிசம்பர், ஜனவரியில் முடியும் நாடுகளின் காலண்டர் நமக்கு நெருக்கமானது. ஏழாவது செமஸ்டரில் போகிறவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவை இழக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஐந்தாவதுதான் பாதுகாப்பான தேர்வு. பொங்கலுக்கு பழையசீவரம் மலைக்கு காஞ்சி வரதர் எழுந்தருளி, திருமுக்கூடலுக்கும் வரும் பார்வேட்டை உற்சவம் எப்படியும் வீடியோ காலில்தான்.

கிரெடிட் கணக்கு: அசலான ஆபத்து இங்கேதான்

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் கிரெடிட். இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஒரு செமஸ்டருக்கு 20. விகிதப்படி பார்த்தால் அங்கே 3, இங்கே 2. ஆனால் எண்ணிக்கை ஒத்துப்போவது முக்கியமில்லை, பாடம் ஒத்துப்போக வேண்டும். அங்கே ஐந்து பாடம் பாஸ் பண்ணிவிட்டு வந்தபின், "இதில் இரண்டு நம்ம சிலபஸில் இல்லை" என்று இங்கே சொன்னால், அந்த இரண்டு பேப்பரையும் அடுத்த செமஸ்டரோடு சேர்த்து எழுத வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்க, கிளம்புவதற்கு முன்பே 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்ற படிப்பு ஒப்பந்தம் போட வேண்டும். எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம் என்று மாணவி, சொந்தக் கல்லூரி, வெளிநாட்டுக் கல்லூரி மூவரும் கையெழுத்திடும் காகிதம் அது. துறைத் தலைவர் "போயிட்டு வாம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னால் போதாது. அங்கே போனபின் பாடம் மாறினால், மாறிய பட்டியலையும் சில வாரங்களுக்குள் திருத்திக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஏஜென்ட் தேவையா? எக்ஸ்சேஞ்சுக்குத் தேவையே இல்லை. மாணவரை முன்மொழிவது கல்லூரிதான். கன்சல்டன்சிகளின் வருமானம் பெரும்பாலும் முழுப் படிப்பில் சேர்த்துவிடுவதால் பல்கலைக்கழகங்கள் தரும் கமிஷன். ஆகவே ஒரு செமஸ்டருக்குக் கேட்கப் போனவரை இரண்டு ஆண்டுப் படிப்புக்குத் திருப்பிவிடப் பார்ப்பார்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு 17 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கட்டுவதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேட்டுவிடலாம்: ஆங்கில வழியில் படித்ததாக கல்லூரி தரும் கடிதத்தை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு.

இலையுதிர்கால செமஸ்டருக்கு கல்லூரிகள் பெயர் அனுப்பும் கடைசித் தேதி பொதுவாக ஏப்ரல், மே மாதங்களில் வரும். அதனால் நான்காவது செமஸ்டர் தொடங்கும் ஜனவரியிலேயே பாஸ்போர்ட் கையில் இருப்பது நல்லது. அரியர் இருந்தால் பெரும்பாலான கல்லூரிகள் பெயரையே அனுப்பாது. போனபின் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் பதிவு செய்தால், அவசரத்தில் இந்தியத் தூதரகம் தொடர்புகொள்ள வசதி. திரும்பும்போது அங்கிருந்து மதிப்பெண் பட்டியல் வர சில வாரங்கள் ஆகலாம். அதுவரை இங்கே ஐந்தாவது செமஸ்டர் ரிசல்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் என்பதால், பாஸ் ஆன பாடங்களைக் குறிப்பிடும் தற்காலிகக் கடிதம் ஒன்றை அங்கிருந்து கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும்.