சர்வரை மாற்றும் முன் வினவலைப் பாருங்கள்

இணையதளம் திணறினால் உடனே பெரிய சர்வர் வாங்கச் சொல்வது பெரும்பாலும் வீண்செலவு. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வினவலுக்கு முன் ‘எக்ஸ்பிளெய்ன்’ சேர்த்துக் கொடுத்தால், ஒரே ஒரு வரிக்காக டேபிள் முழுவதும் படிக்கப்படுகிறதா என்பது தெரிந்துவிடும். கணினி அறிஞர்கள் பேயரும் மெக்ரைட்டும் 1972-இல் வெளியிட்ட பி-ட்ரீ முறையில் இண்டெக்ஸ் (தேடலுக்கான வரிசைப்படுத்திய பட்டியல்) இருந்தால், 10 கோடி வரிகளிலும் சில பக்கங்களைப் புரட்டினாலே போதும். இருக்கும் இண்டெக்ஸும் பயன்படாமல் போவதுண்டு: தேதியை ‘இயர்’ ஃபங்ஷனுக்குள் வைத்து 2024 என்று தேடினால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி கொடுத்துத் தேடினால் உதவும்.

இண்டெக்ஸ் கூடினால் புதிய பதிவுகள் மந்தமாகும் என்பார்கள். உண்மைதான்; அதனால்தான் அடிக்கடி தேடப்படும் பத்திகளுக்கு மட்டும் போட வேண்டும். பொறியாளரின் நேரத்தைவிட சர்வர் மலிவு என்ற வாதமும் உண்டு. ஆனால் டேபிள் வளர வளர முழு வாசிப்பும் நீளும். வினவலைத் திருத்தாவிட்டால் புது சர்வரும் ஒருநாள் திணறும்.