யாருக்கு விடுதலை?

"ஒரு கையெழுத்துதானே அக்கா. ஆதார் கார்டும் ரெண்டு போட்டோவும் எடுத்துட்டு வந்துரு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

தமிழ்நாட்டில் பெண்களின் சொத்துரிமை கைமாறுவது பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில மாதங்களில் போன் வரும். அக்கா லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வருவாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்து, கைரேகை வைத்து, கேமராவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் தம்பி ஜூஸ் வாங்கித் தருவான். அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பெரியாரின் நாளிதழுக்கும் அதே பெயர்தான்.

இந்த உரிமை எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் 'புதுசா வந்த சட்டம்' என்றே இன்னும் பல பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு பங்கு. ஆக இந்தப் பகுதிக்கே எழுபது வயதாகிறது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இல் கொடுத்தது. ஆனால் அந்த மார்ச் 25ஆம் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது என்றது. தாலி கட்டிய தேதியை வைத்து ஒருத்தி மகளா இல்லையா என்று முடிவு செய்த சட்டம் அது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருடம் நீதிமன்றங்களில் இழுத்த கேள்விக்கும், வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது.

1929இலிருந்து 2020 வரை, தொண்ணூற்றொரு வருடம். அதை ஒரு காலை நேரத்தில் கழற்றிவிட முடிகிறது.

தம்பி ஏன் கையெழுத்து கேட்கிறான்? அக்காவுக்குப் பங்கு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்ததால்தான். தாசில்தார் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழில் அவள் பெயரும் இருக்கிறது. வீட்டின் மேல் கடன் வாங்கப் போனாலோ, இடத்தை விற்கப் போனாலோ வக்கீல் முதலில் கேட்பது "சிஸ்டர் சைன் பண்ணிட்டாங்களா?" என்றுதான். பங்கே இல்லாதவளிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. உரிமை உண்டு என்பதற்கான ஒப்புதலும் அதைப் பறிப்பதற்கான வழியும் ஒரே பத்திரத்தில் இருக்கின்றன.

"அவளுக்குத்தான் அம்பது பவுன் போட்டோமே?"

சரி, கணக்கையே பார்ப்போம். அந்தக் கணக்கில் மண்டப வாடகை இருக்கும், பந்திச் செலவு இருக்கும், மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் இருக்கும், மாமியார் வீட்டுக்கு எடுத்த பட்டுப்புடவை இருக்கும். ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு எப்படி அவள் பங்காகும்? நகை வேறு, அவள் கையில் இருந்ததைவிட அடகுக்கடையில் இருந்த நாட்கள் அதிகமாக இருக்கும். அதே வீட்டில் தம்பியின் இன்ஜினியரிங் காலேஜ் பீஸும், பைக்கும், அவன் ஆரம்பித்து மூடிய கடைக்குப் போட்ட முதலும் எந்த நோட்டிலும் ஏறவில்லை. மகளுக்குச் செய்தது பங்கு, மகனுக்குச் செய்தது கடமை. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961இலிருந்து குற்றம். சட்டப்படி குற்றமான ஒரு செலவைக் காட்டி, சட்டப்படி உள்ள உரிமையைத் தள்ளுபடி செய்கிறோம். இதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

அடுத்தது, "அப்பா அம்மாவ கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது நான்தானே?" இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதலாக ஏதாவது போய்ச் சேர வேண்டும். ஆனால் பார்த்துக்கொண்டது யார்? படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கஞ்சி ஊட்டியவள், துணி மாற்றியவள் மருமகள். அவள் பேரில் ஒரு சென்ட் எழுதியதுண்டா? அவளும் தன் பிறந்த வீட்டில் தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவளாகவே இருப்பாள். இப்போது நாத்தனார் கையெழுத்துப் போட வேண்டும் என்று புருஷனுக்குத் துணை நிற்கிறாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் கால் ஊன்ற இருப்பது அந்த வீடு மட்டும்தான், அதுவும் புருஷன் பெயரில்.

பத்திரத்தின் மொழியைப் படித்துப் பாருங்கள். இலக்கியம் வாசிக்கிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய உரைநடை அது. "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்" என்று அவள் சொல்வதாக, அவளைப் பார்த்தே இராத பத்திர எழுத்தர் எழுதியிருப்பார். கம்ப்யூட்டரில் பழைய பைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியிருப்பார். சொத்தைப் பெறுகிறவர் "புத்திர பௌத்திர பாரம்பரியமாக" ஆண்டு அனுபவிக்கலாம். அதாவது மகன், மகனின் மகன். எதிர்காலத்துக்கே ஆண் வாரிசு ஏற்பாடு செய்துவிடுகிறது அந்த ஒரு வரி. பின்னாளில் அவள் ஏமாற்றப்பட்டேன் என்று சொன்னால், மோசடியையோ வற்புறுத்தலையோ நீதிமன்றத்தில் அவள்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் விஷயம் தெரியவந்த மூன்று வருடத்துக்குள். அந்த 'முழு மனது' அப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

எழுதி வைக்கச் சொல்லும் அறிவுரைகளுக்கு இப்போது பஞ்சமில்லை. உயிலா, தானசெட்டில்மெண்டா, எது நல்லது என்று யூடியூபில் கோட் போட்டவர்கள் விளக்குகிறார்கள். எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பின்னாடி சண்டை வராம இருக்கும்." எந்தச் சண்டை? மகள் தன் பங்கைக் கேட்பதற்குத்தான் பல வீடுகளில் சண்டை என்று பெயர். சுயசம்பாத்தியச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுத சட்டம் அனுமதிக்கிறது. அந்தச் சுதந்திரத்தை முழுக்க மகன் பக்கம் சாய்ப்பதற்கே அப்பாக்கள் பயன்படுத்துகிறார்கள்.

செலவு என்றும் சொல்ல முடியாது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் போதும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு 40,000 ரூபாய்தான். மகனுக்கு எழுதினாலும் மகளுக்கு எழுதினாலும் இதே தொகை.

இதை வாசிக்கும் தம்பிகளே, அண்ணன்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். மார்ச் 8 அன்று ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள், அம்பேத்கரையும் பெரியாரையும் பகிர்கிறீர்கள். நாளைக்கு வக்கீல் "சிஸ்டர் சைன்" கேட்பார். அப்போது பாகப்பிரிவினைப் பத்திரம் போடுங்கள் என்று சொல்லலாம். முழு வீடும் உங்களுக்கே வேண்டுமா? அவள் பங்குக்கு இன்றைய சந்தை விலையைப் போட்டு, கையெழுத்துக்கு முன்பே அவள் சொந்தக் கணக்கில் பணத்தைக் கட்டுங்கள், மாமா கணக்கில் அல்ல. அந்தத் தொகையைப் பத்திரத்திலும் எழுதுங்கள். வாங்கிக்கொள்வதும் திருப்பித் தருவதும் அவள் பாடு. பணம் கேட்டால் பிறந்த வீட்டு உறவு போய்விடுமே என்று அவள் பயந்தால், அந்தப் பயத்தை முதலில் யார் ஏற்படுத்தியது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அம்மாவும் ஒரு காலத்தில் மாமாவுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். எந்த வருடம், எத்தனை ஏக்கர், இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எல்லாம் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.