ஜேர்சியை மாற்றினால் கழகம் மாறுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமென்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

புதிய பருவகாலத்துக்கு நம் கழகம் தயார் என்று நிர்வாகம் போட்ட போஸ்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புது ஜேர்சி, புது அனுசரணையாளர், பின்னால் நெருப்புப் படம், மேலே "இம்முறை கிண்ணம் எமதே". நல்லது. ஆனால் பயிற்சி என்று தொடங்குகிறது, பயிற்றுவிப்பாளர் யார், பதிவு செய்த வீரர்கள் எத்தனை பேர், 16 வயதுக்குட்பட்ட அணி இருக்கிறதா இல்லையா என்பது பற்றி அந்தப் போஸ்டரில் ஒரு சொல் இல்லை. கேட்டால் "இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்" என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னது நம் மார்க்கம். இங்கே கயிறும் இல்லை, ஒட்டகமும் இல்லை.

நாங்கள் என்று எழுதுவது, இந்தக் கழகத்துக்கு விளையாடிய சிலரும், இந்த ஊர்ப் பாடசாலைகளில் படிப்பிக்கும் சிலரும் சேர்ந்து. யாருடைய பதவிக்கும் நாங்கள் போட்டி இல்லை. சொல்ல வந்தது இதுதான்: இப்போது போகிற போக்கில் போனால் இந்தப் பருவத்தில் நாம் மேல் பிரிவுக்கு ஏறப் போவதில்லை. இருக்கிற இடத்தைக் காப்பாற்றினாலே பெரிய விசயம். அதற்குக் காரணம் அதிர்ஷ்டமும் அல்ல, மத்தியஸ்தரும் அல்ல.

முதல் காரணம் வாடகை வீரர்கள்.

நம் ஊரில் பெருநாள் வந்தால் சுற்றுப்போட்டி, தேர்தல் வந்தால் சுற்றுப்போட்டி, ஒரு கடை திறந்தாலும் சுற்றுப்போட்டி. மின்னொளியில், அணிக்கு ஐந்து பேர் அல்லது ஏழு பேர், ஒரே இரவில் முடிந்துவிடும். பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கும். அதை ஹராம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்த ஒரு இரவுக்கு வெளியூரிலிருந்து மூன்று நான்கு பேரை வாகனம் அனுப்பிக் கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, கையில் காசும் கொடுத்து அனுப்புகிறோமே, அந்தக் காசு யாருடையது? கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நிற்கிற நம் பிள்ளைகள் "கழகத்துக்கு" என்று அனுப்பிய காசு. கடைக்கார நானாமார் "பிள்ளைகளுக்கு" என்று தந்த காசு. அதில் நம் ஊர்ப் பிள்ளைகளின் காலுக்கு எவ்வளவு போனது என்று கணக்குப் பார்த்தவர் உண்டா?

சுற்றுப்போட்டி வேறு, லீக் வேறு. லீக் ஆட்டம் 90 நிமிடம். முழு மைதானம், குறைந்தது 90 மீற்றர் நீளம். இரவுப் போட்டியில் கால் மணி நேரம் பறந்து பறந்து விளையாடுகிறவருக்கு லீக்கில் எழுபதாவது நிமிடத்தில் கால் இழுக்கிறது. கடந்த பருவத்தில் நாம் எப்படித் தோற்றோம் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். இடைவேளை வரை சமமாக நின்று, கடைசி இருபது நிமிடத்தில்தான் பெரும்பாலும் சரிந்தோம். அன்று கத்தியவர்கள் எல்லோரும் மத்தியஸ்தரைத்தான் ஏசினார்கள். மூன்று மாதம் பயிற்சி இல்லாத அணிக்கு மத்தியஸ்தர் என்ன செய்வார்?

இன்னொரு விசயம். உதைபந்தாட்ட விதிப்படி ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது. கடந்த முறை ஒரு லீக் ஆட்டத்துக்கு நாம் எட்டுப் பேருடன் போய் நின்றோம். ஏன்? அதே நாளில் வேறோர் ஊரில் பணப்பரிசுப் போட்டி. வாடகை வீரர்கள் அங்கே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காசுக்கு வந்தவர் கூடுதல் காசுக்குப் போவார். குறை, அவர்களை நம்பி அணியைக் கட்டியவர்களிடம்.

இரண்டாவது காரணம் சிறுவர்கள். எங்களுக்கு வயிறு எரிவது இங்கேதான்.

புத்தளத்தில் பந்து உதைக்காத தெரு இல்லை. பாடசாலைகளில் 16, 18, 20 வயதுப் பிரிவுகளில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பாடசாலை முடிந்த பிறகு? கொழும்பில் ஹமீத் அல் ஹுசைனியிலோ சாஹிராவிலோ விளையாடி முடிக்கிற பிள்ளைக்குப் போய்ச் சேர அங்கே கழகங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியாரிலும் இளவாலை புனித ஹென்றியரசரிலும் விளையாடியவர்களை ஊர்க் கழகங்கள் கையைப் பிடித்து எடுத்துக்கொள்கின்றன. நம்முடைய பிள்ளை உயர் தரம் எழுதிவிட்டு வந்து நம் கழகத்தின் வாசலில் நின்றால் என்ன நடக்கிறது? "தம்பி, இந்த முறை ஆள் நிரம்பிட்டு" என்கிறோம். நிரம்பியது யாரால் என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

அந்தப் பிள்ளை பிறகு எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும். வகுப்பில் பின் வாங்கில் தூங்கி வழிகிற பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் ஆசிரியருக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாவிட்டாலும். ஐஸ் என்றும் குளிசை என்றும் மாவா என்றும் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் ஒழுங்காக வருகிறார்கள், நேரத்துக்கு வருகிறார்கள், ஒரு நாளும் "ஆள் நிரம்பிட்டு" என்று சொல்வதில்லை. ஜும்ஆவில் பயான் செய்தால் மட்டும் அது நிற்காது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் ஊரில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கிறது. அந்த நேரத்தில் ஐம்பது பிள்ளைகளை ஒரு மைதானத்தில் வேர்க்க வைக்க முடிந்தால், அதுதான் இந்தக் கழகம் வெல்லக்கூடிய பெரிய கிண்ணம்.

"பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, எல்லாரும் போனில்தான் இருக்கிறார்கள்" என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். பாடசாலை இடைவேளையில் வந்து பாருங்கள். பந்து இல்லாவிட்டால் பிளாஸ்டிக் போத்தலை உதைக்கிறார்கள். ஆர்வமில்லாதது யாருக்கு?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு ஆறு தொடக்கம் சாதாரண தரம் வரை எல்லாப் பின்னேரத்தையும் டியூஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நாங்களே ஆசிரியர்கள், படிப்பை விட்டுவிடச் சொல்வோமா? கிழமையில் மூன்று பின்னேரம் ஓடி விளையாடுகிற பிள்ளை மற்ற நாட்களில் நன்றாகத்தான் படிக்கிறது. அதை வகுப்பில் பார்க்கிறோம்.

மூன்றாவது காரணம், சொல்லக் கூச்சமான ஒன்று. ஆள் தெரிவு.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். இந்த ஊர் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அது நம் ஊரின் பெருமை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பந்து விளையாடியவர்கள் அவர்களோடு வந்தார்கள். இன்று மைதானத்துக்கு வருகிற பிள்ளை அந்த நாட்களைக் கண்டதே இல்லை. இங்கேயே பிறந்தது, இங்கேயே படிக்கிறது. இன்னும் அதை "முகாம் பொடியன்" என்று கூப்பிட்டு வெளியே உட்கார வைப்பது எந்த நியாயம்? இன்னொரு பக்கம் "நம்ம தெரு", "நம்ம குடும்பம்", "ஹாஜியாரின் மகன்". பந்துக்கு வாப்பா யார் என்று தெரியாது. ஒரு தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறவர்கள் ஒரு அணி வரிசையில் நிற்க முடியாதா?

நான்காவது, எழுத்துவேலை. சிரிக்காதீர்கள், இதுவும் கோல் மாதிரித்தான்.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் விதியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகம் காசு கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவர் 12 வயதிலிருந்து 23 வயது வரை விளையாடி வளர்ந்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். அதாவது பிள்ளையை வளர்த்த கழகத்துக்கு அதில் உரிமை உண்டு என்று உலகமே ஒப்புக்கொள்கிறது. நாளைக்கே நம் பிள்ளையை ஐரோப்பா வாங்கப் போகிறது என்று கனவு காணச் சொல்லவில்லை. ஆனால் மாலைதீவுக்கோ வேறெங்கோ ஒரு பிள்ளை போனால், "இவன் 13 வயதில் எங்களிடம் விளையாடினான்" என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு சீ.ஆர். கொப்பியில் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி எழுதி வைத்திருக்கிறோமா? லீக்கில் முறையாகப் பதிவு செய்திருக்கிறோமா? வட்ஸ்அப் குரூப்பில் பெயர் இருந்தால் அது பதிவு ஆகாது.

"மேலிடம் சரியில்லை, நாம் என்ன செய்வது" என்பார்கள். மேலிடம் சரியில்லை என்பது உண்மைதான். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய தங்கக் கிண்ண இறுதியில் இந்தியாவை 1–0 என்று வென்ற நாடு இது. பிறகு உலகத் தரவரிசையில் 200க்கும் கீழே விழுந்தோம். 2021இல் சுப்பர் லீக் என்று 10 கழகங்களோடு தொடங்கினார்கள். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகம்கூட அதில் இல்லை. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீஃபா நம் நாட்டையே தடை செய்து வைத்திருந்தது, வெளித் தலையீடு என்று. அண்மைக் காலத்தில் தேசிய அணிக்கு ஜெர்மனி, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொண்டு வருகிறார்கள். அவர்கள் வருவது சந்தோசம். ஆனால் அவர்கள் ஏன் நன்றாக விளையாடுகிறார்கள் என்று யோசியுங்கள். ஏழு எட்டு வயதில் அங்கே ஓர் ஊர்க் கழகம் அவர்களுக்குப் பந்தும் பயிற்றுவிப்பாளரும் கொடுத்தது. அது மேலிடம் செய்த வேலை அல்ல, ஊர் செய்த வேலை.

இனி, எதிர்த்துக் கேட்கப்படும் நியாயமான கேள்வி ஒன்று. "வெளி ஆட்கள் இல்லாமல் நம் பொடியன்களை மட்டும் இறக்கினால் ஒவ்வொரு ஆட்டமும் தோற்போமே, கழகம் கீழே போனால் யார் பொறுப்பு?"

தோற்கலாம். முதல் வருடம் நிறையவே தோற்கலாம். ஆனால் வாடகை அணி தோற்றால் அடுத்த வருடத்துக்கு மிஞ்சுவது கடன் மட்டும். 18 வயதுப் பிள்ளைகள் தோற்றால் அடுத்த வருடம் அவர்களுக்கு 19 வயது, ஒரு பருவம் 90 நிமிடம் ஓடிய கால், ஒருவரையொருவர் தெரிந்த அணி. இரண்டு மூன்று வெளி வீரர்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பருவம் முழுவதும் தங்கி, பயிற்சிக்கும் வந்து, சிறுவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிற ஒருவர் என்றால் தலையில் வைத்து வரவேற்போம். ஆட்ட நாளில் வாகனத்தில் இறங்கி, ஆட்டம் முடிய ஏறிப் போகிறவர் வேண்டாம்.

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகவில்லை. நிர்வாகத்திடம் ஐந்து விசயம் கேட்கிறோம்.

1. கடந்த பருவத்தின் வரவு செலவுக் கணக்கை, ஒரு பக்கம் போதும், எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்களுக்கு அது கடமை.

2. வருகிற காசில் பாதியை 14, 16 வயதுக்குட்பட்ட அணிகளுக்கு ஒதுக்குங்கள். பந்து, கூம்பு, தண்ணீர், முதலுதவிப் பெட்டி. இரவுப் போட்டிக்கு அந்தப் பாதியில் கை வைக்கக் கூடாது.

3. நம் பழைய வீரர்களில் இருவரை ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஆரம்பநிலைப் பயிற்றுவிப்பாளர் பாடநெறிக்கு அனுப்புங்கள். செலவைக் கழகம் ஏற்கட்டும்.

4. தெரிவு நாளை பகிரங்கமாக அறிவியுங்கள். எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் வரட்டும். தெரிவு செய்கிற மூவரில் ஒருவராவது நிர்வாகத்துக்கு வெளியிலிருந்து இருக்கட்டும்.

5. லீக் ஆட்டம் உள்ள நாளில் கழகத்தின் பெயரில் வேறெந்தப் போட்டிக்கும் அணி போகக் கூடாது.

எங்கள் பக்கத்திலிருந்து: கிழமையில் மூன்று பின்னேரம், அஸர் தொழுத கையோடு, மஃரிப் பாங்கு வரை சிறுவர்களோடு மைதானத்தில் நிற்க நாங்கள் ஆறு பேர் தயார். காசு வேண்டாம். வீரர்களின் பதிவுப் பத்திரங்களை நிரப்பி, கோவை போட்டுத் தருவோம். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இல்லாத நாட்களில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லித் தருவோம். இதை நாங்கள் பகிரங்கமாக எழுதுகிறோம். செய்யாவிட்டால் எங்களைக் கேளுங்கள்.

இதை வாசிக்கிற வெளிநாட்டுச் சகோதரர்களுக்கு: அடுத்த முறை காசு கேட்டு வொய்ஸ் வந்தால், அனுப்ப முதல் ஒரு கேள்வி கேளுங்கள். "16 வயதுக்குட்பட்ட அணியில் எத்தனை பிள்ளைகள்?" பதில் எண்ணாக வந்தால் அனுப்புங்கள். "பார்ப்போம்" என்று வந்தால் நீங்களும் பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கழகத்தின் பொதுக் கூட்டம். வழமையாக இருபது பேர் வருவோம், பதினைந்து பேர் தலையாட்டுவோம், தேநீர் குடித்துவிட்டுப் போவோம். இந்த முறை வாப்பாமாரும் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். மேலே உள்ள ஐந்தையும் அச்சடித்துக் கொண்டு வருவோம். நிர்வாகம் ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று சொன்னால் போதும். சொன்ன பதிலை அன்று இரவே இங்கே போடுவோம்.